இடது பக்க ஸ்பீக்கர்

மாணிக்கவாசகத்தின் கார் எங்கள் தாமான் குடியிருப்புக்குள் வருவதற்கு முன்பே அவருடைய வானொலி வந்துவிடும். பாடாங் செராய் பெரிய சாலையிலிருந்து எங்கள் வரிசைக்குத் திரும்பும் முனையிலேயே செய்தி வாசிப்பவரின் குரல் கணீரென்று கேட்கும். பள்ளி விடுமுறை நாள்களில் ஒரு மணிச் செய்தியை நான் என் வீட்டு வானொலியில் கேட்டதே இல்லை. அவர் காரை நிறுத்தி, இறங்கிப்போய் வாசல் கேட்டைத் திறந்து, மறுபடியும் ஏறிக் காரை உள்ளே விட்டு அணைப்பதற்குள் தலைப்புச் செய்திகள் முடிந்திருக்கும்.

அவர் எனக்கு எதிர்வீட்டுக்காரர். அறுபது வயது. கார் 1995ஆம் ஆண்டு ஈஸ்வரா. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தது. அதை யாரும் குறை சொல்ல அவர் விடமாட்டார். பிளக் மாற்றுவது, கார்பரேட்டர் கழுவுவது எல்லாம் அவரே செய்துகொள்வார். சத்தத்தைப் பற்றி ஒருமுறை நான் நாசூக்காகக் கேட்டபோது அவர் வருத்தப்படவில்லை. காரணத்தை விளக்கமாகச் சொன்னார்.

"இடது பக்க ஸ்பீக்கர் ரோசாக், கெட்டுப்போச்சு டீச்சர். ஒரு பக்கந்தான் பாடுது. அதான் கொஞ்சம் கூட்டி வைக்கிறேன்."

கொஞ்சம் என்று அவர் சொன்னது, குமிழ் அதற்கு மேல் திரும்பாது என்ற இடம்.

மாணிக்கவாசகம் பிறந்தது இங்கிருந்து நான்கு மைல் தள்ளியிருந்த ரப்பர் தோட்டத்தில். தோட்டம் துண்டு போடப்பட்டு விற்கப்பட்டபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. அந்த ஆண்டே ரப்பர் ஆலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். உறைந்த ரப்பர் பால் கட்டிகளை நொறுக்கிக் கழுவும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் முப்பத்தாறு வருடம் நின்றார். பக்கத்து இயந்திரத்துக்குக்கூட மாறியதில்லை. மாற்றச் சொல்லிக் கேட்கவும் தோன்றவில்லை என்பார். ஓய்வு பெற்ற பிறகு ஒரு பள்ளிக்கூட வாசலில் ஜாகா வேலை. காவல் காப்பதைவிடப் பிள்ளைகளுக்கு அறுந்த செருப்பு வாரை ஒட்டிக் கொடுப்பதுதான் அங்கே அவருக்கு முக்கிய வேலை என்று கேள்வி.

சாப்பாட்டுக் கடையில் அவர் உட்கார்ந்திருந்தால் அந்த மேசையில் சிரிப்பு ஓயாது. வீட்டிலும் கலகலப்பான மனிதர்தான். ஆனால் காரில் ஏறிவிட்டால் ஒரு வார்த்தை பேசமாட்டார். இதை எனக்குச் சொன்னவர் அவர் மனைவி கலைமகள். வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். என்னுடைய ரவிக்கைகள் எல்லாம் அவர் தைத்தவை. அளவு எடுக்கும் நேரத்தில்தான் எங்களுக்குள் பேச்சு நடக்கும்.

"கார் கதவ சாத்துன ஒடனே சாமியாராயிடுவாரு டீச்சர். நான் பாட்டுக்கு மூணு விசயம் சொல்வேன். ரோட்டையே பாத்துக்கிட்டு வருவாரு. ஒண்ணுக்கு மட்டும் தலைய ஆட்டுவாரு, அதுவும் எதுக்குன்னு தெரியாது."

முதலில் கோபித்துக்கொண்டிருக்கிறார். பிறகு அழுதிருக்கிறார். அப்புறம் பழகிப்போய்விட்டது. எங்கே போனாலும் ஒரு துணிப்பை கையில் இருக்கும். சுங்கை பட்டாணி போய்த் திரும்புவதற்குள் நான்கு ரவிக்கைகளுக்குக் கொக்கி தைத்துவிடுவார். அவர் ஓட்டுவார், இவர் தைப்பார், வானொலி இருவருக்கும் சேர்த்து அலறும். இப்படியே பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது.

போன வருடம் மார்ச் மாதம், கூலிமில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது வானொலி செத்தது. பாட்டுக்கு நடுவில் வறுத்த மிளகாய்போல ஒரு நெடி வந்தது. டேஷ்போர்டிலிருந்து மெல்லிய புகை எழுந்தது. மாணிக்கவாசகம் காரை ஓரம் கட்டி, கையை உள்ளே விட்டு வயரைப் பிடுங்கினார். அதோடு சரி. கலைமகளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இனியாவது பேசிக்கொண்டு போகலாம் என்று நினைத்தாராம். ஆனால் வானொலி இல்லாமலும் அவர் அப்படியேதான் ஓட்டினார். முன்பு சத்தத்தில் மறைந்திருந்த மௌனம் இப்போது தனியாகத் தெரிந்தது. அடுத்த இரண்டு வாரம் தனக்கு எதற்குமே மனசு வரவில்லை என்று கலைமகள் சொன்னார்.

ஜொகூரில் வேலை செய்யும் மகள் ரூபினிதான் தொலைபேசியில் முடிவெடுத்தாள். அப்பாவுக்குப் பிறந்தநாள் வருகிறது, புது ரேடியோ மாட்டிக்கொள்ளட்டும் என்றாள். அவர் ஒரே நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். இடது பக்க ஸ்பீக்கரை முதலில் ஒழுங்கு பண்ண வேண்டும்.

பாடாங் செராயில் கார் அலங்காரக் கடை வைத்திருப்பவள் ஷாமளா. முப்பத்தைந்து வயது இருக்கும். கூலிம் தொழிற்சாலை ஒன்றில் பத்து வருடம் மின்னணுப் பலகைகளைச் சோதிக்கும் வேலை பார்த்தவள். பிறகு சொந்தமாகக் கடை போட்டாள். பையன்கள் அவளிடம் கார் அதிரும் அளவுக்குப் பெரிய ஸ்பீக்கர் பெட்டி மாட்டச் சொல்லி வருவார்கள். பின்சீட்டில் குழந்தை உட்கார இடம் இருக்குமா என்று கேட்டுவிட்டு, பாதிப் பேரைச் சின்னப் பெட்டியோடு திருப்பி அனுப்புவாள்.

ஈஸ்வராவைப் பார்த்ததும் அவளுக்குப் பிடித்துவிட்டது. பழைய ரேடியோவை உருவி எடுத்தாள். கேசட் போடும் வாயில் ஒரு கேசட் பாதி விழுங்கப்பட்ட நிலையில் இருந்தது. பின்னால் வயர்கள் தலைமுடிச் சிக்குபோலக் கிடந்தன. யாரோ எந்தக் காலத்திலோ பிளாஸ்டர் ஒட்டி இணைத்திருந்தார்கள். அந்த யாரோ தான்தான் என்று மாணிக்கவாசகம் ஒப்புக்கொண்டார்.

அவருக்குத் திரை வைத்த பெரிய ரேடியோ மேல் ஆசை. ஆனால் பழைய காரின் இடம் குறுகல். டேஷ்போர்டை அறுத்தால்தான் அது உட்காரும். அறுக்க வேண்டாம் என்று சொல்ல அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கடைசியில் குறுகலான ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். கைத்தொலைபேசியோடு இணைத்துக்கொள்ளலாம், பாட்டு நிரப்பிய பென்டிரைவும் போடலாம். கதவுகளில் இருந்த பழைய ஸ்பீக்கர்களைக் கழற்றிப் பார்த்தபோது இரண்டிலும் காகிதம் கிழிந்து தொங்கியது. இடதும் வலதும் ஒன்றுபோலவே கெட்டிருந்தன. ஷாமளாவுக்கு அப்போதே ஒரு கேள்வி வந்ததாம். ஆனால் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் புதிது மாட்டி, வயர்களையும் புதிதாக இழுத்தாள்.

மாட்டி முடித்ததும் அவரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்துப் பாட்டைப் போட்டாள். அவர் முகம் மலர்ந்தது. தபேலா தனியாகக் கேட்கிறது, புல்லாங்குழல் தனியாகக் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு முகம் சுருங்கியது.

"இடது பக்கம் வரலியேம்மா."

அவள் வலது பக்கத்தை நிறுத்தி இடதை மட்டும் பாட விட்டாள். தெருவில் மோட்டார்கள் போய்க்கொண்டிருந்தன. அவர் கூர்ந்து கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் பாடுவதுபோல இருக்கிறது என்றார். ஷாமளா இடது கதவருகே குனிந்து கேட்டாள். நன்றாகத்தான் பாடியது. ஆனால் வாடிக்கையாளர் சொல்கிறாரே என்று வயரைச் சோதித்தாள். மீட்டர் வைத்துப் பார்த்தாள். ஸ்பீக்கரை மாற்றி வேறொன்று போட்டாள். அவர் தலையை ஆட்டினார். நாளை வருகிறேன் என்று போய், மறுநாளும் வந்தார். அன்று அவள் ரேடியோவையே மாற்றிப் பார்த்தாள். அதுவும் பக்கத்து வீட்டில்தான் பாடியது.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகும் வழி என்பதால் கலைமகளும் கூட வந்திருந்தார். அவர் முன்சீட்டிலேயே, கணவருக்கு இடது பக்கம், உட்கார்ந்திருந்தார். ஷாமளா இடது ஸ்பீக்கரை மட்டும் பாட விட்டு, ஆண்ட்டி உங்களுக்குக் கேட்கிறதா என்றாள். முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்து கத்துகிறதே, கேட்காமல் என்ன என்றார் கலைமகள். மாணிக்கவாசகம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தன்னை வைத்து விளையாடுகிறார்களோ என்று அவருக்குச் சந்தேகம்.

அப்போது ஷாமளா, பின்சீட்டில் வைத்த டார்ச்லைட்டை எடுத்துத் தரச் சொன்னாள். அதில் சூழ்ச்சி எதுவும் இல்லை, உண்மையிலேயே அவளுக்கு டார்ச் தேவைப்பட்டது. மாணிக்கவாசகம் இடுப்பை வளைத்து, இடது பக்கமாக நன்றாகப் பின்னால் திரும்பினார். திரும்பியவர் அப்படியே அசையாமல் இருந்தார்.

"வந்திடுச்சு. இப்ப வருது."

நேராகத் திரும்பினார். போய்விட்டது. மறுபடி பின்னால் திரும்பினார். வந்தது. நான்கைந்து முறை இப்படிச் செய்துவிட்டு, வெற்றி பெற்றவரைப்போல ஷாமளாவிடம், இது லூஸ் கனெக்‌ஷன்தான், நான் அசைந்தால் வயர் ஒட்டிக்கொள்கிறது, நேராக உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது என்று விளக்கினார்.

ஷாமளா டார்ச்சை வாங்கிக்கொள்ளவே இல்லை. தொழிற்சாலையில் இருந்த காலத்தில் வருடத்துக்கு ஒருமுறை காது பரிசோதனைக்கு வேன் வரும். அந்த வேனுக்குள் உட்கார்ந்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கியவள் அவள். பின்னால் திரும்பும்போது அவருடைய வலது காது இடது கதவைப் பார்க்கிறது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. ரேடியோவை அணைத்தாள். காருக்குள் தலையை விட்டு, தன் கைத்தொலைபேசியில் கடிகார டிக் டிக் சத்தத்தை வைத்து அவருடைய வலது காதருகே காட்டினாள். கேட்கிறது என்றார். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, கலைமகளிடம் கொடுத்து இடது காதருகே காட்டச் சொன்னாள். அவர் கண்ணை மூடியபடியே, எப்போது வைப்பாய் என்று கேட்டார். கலைமகளின் கை அவர் காதைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"அங்கிள், ஸ்பீக்கர்ல ஒண்ணும் இல்ல. வயர்லயும் இல்ல," என்றாள் ஷாமளா. "ஆஸ்பத்திரிக்கு ஒருதடவ போய்ப் பாத்துடுங்க லா."

மாணிக்கவாசகம் காரை விட்டு இறங்கி, எதிரே இருந்த தேநீர்க் கடையில் தே ஆயிர் வாங்கி நின்றபடியே குடித்தார். கலைமகள் காரிலேயே இருந்தார். தான் இத்தனை வருடம் கண்டதெல்லாம் அப்போதுதான் அவருக்கு வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்ததாம். சாப்பாட்டுக் கடையில் கணவர் எப்போதும் மேசையின் இடது ஓரத்தில் உட்காருவது. தொலைபேசியை வலது காதில் மட்டும் வைப்பது. வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் அலாரம் கேட்காமல் தூங்குவது. யாரும் சொல்லித் தராமல் உடம்பே இதையெல்லாம் ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. ஏற்பாடு செய்துகொள்ள முடியாத ஒரே இடம் கார். அங்கே ஓட்டுகிறவர் வலது பக்கம், மனைவி இடது பக்கம்.

பாசாருக்குப் போகாமல் திரும்பினார்கள். பாதி வழியில், நிழலாக இருந்த இடத்தில் அவர் காரை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். உடம்பு முழுவதையும் மனைவி பக்கம் திருப்பி உட்கார்ந்தார். ஸ்டீயரிங் விலாவில் குத்தியிருக்கும்.

"இத்தன வருசமா நீ பேசிக்கிட்டுத்தான் வந்தியா?"

"ஆமா."

"என்னென்ன கேட்ட?"

எல்லாம் நினைவிருக்குமா என்று கலைமகள் சிரிக்கப் பார்த்தார். ஆனால் ஒன்று நினைவிருந்தது. பதினோரு வருடத்துக்கு முன்பு, அவருடைய தோழி குணவதி பாசார் வரிசையில் இருந்த தன் தையல் கடையை விட்டுவிட்டு மகனோடு ஈப்போ போனாள். கடையை நீ எடுத்துக்கொள்ளேன் என்று கலைமகளிடம்தான் முதலில் கேட்டாள். அன்று சுங்கை பட்டாணியிலிருந்து வரும் வழியில் கலைமகள் தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு கணவரிடம் கேட்டார். அவர் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"வேணாம்னு சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன். நீங்க ஒண்ணுமே சொல்லல. அதுக்குமேல கேக்க எனக்கு ரோசமா இருந்திச்சு. விட்டுட்டேன்."

அவர் சாவியைக் கழற்றி டேஷ்போர்டு மேல் வைத்தார்.

"எனக்குக் கேக்கவே இல்ல, கலை."

"இப்பத் தெரியுது."

"இப்ப கேளு."

"எத?"

"அதையே கேளு."

கலைமகள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நான் ஒரு கடை எடுக்கட்டுமா என்று கேட்டார். எடு என்றார் அவர். சொல்லிவிட்டு, அவசரமாக, நான் பதினோரு வருசம் லேட் என்றார். அதில்தான் கலைமகளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நிற்கவில்லை. பதினோரு வருடம் ஒரு மனிதர் மேல் பாதுகாத்து வைத்திருந்த கோபம் ஒரு நிமிடத்தில் உபயோகமில்லாமல் போய்விட்டதே என்று நினைத்துச் சிரித்ததாக என்னிடம் சொன்னார். சொல்லும்போதும் கையில் அளவு நாடாவோடு சிரித்தார்.

அரசாங்க மருத்துவமனையில் எல்லாச் சோதனையும் செய்தார்கள். இடது காதில் மிகக் கொஞ்சம்தான் மிச்சம், வலது காது வயதுக்குப் பரவாயில்லை என்றார் டாக்டர். ஆலையில் இயந்திரம் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டார். இடது பக்கம் என்றார் மாணிக்கவாசகம். அதுவும் காரணமாக இருக்கலாம், சின்ன வயதில் காதில் சீழ் வைத்ததும் காரணமாக இருக்கலாம், இப்போது பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். காதுக் கருவி ஒன்றுக்குப் பதிந்தார்கள். அது வர நான்கு மாதம் ஆனது. வந்தபோது அவருக்கு அதோடு ஒத்துப்போகவில்லை. கைலி உரசும் சத்தம், பல்லி, குளிர்பெட்டி எல்லாம் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வதாகக் குறை சொன்னார். பள்ளி வாசலில் மட்டும் தவறாமல் போட்டுக்கொள்கிறார். இடது பக்கமிருந்து பிள்ளைகள் கூப்பிட்டால் இப்போது திரும்புகிறார். இத்தனை நாள் தாங்கள் கூப்பிட்டும் திரும்பாதது ஏதோ கோபத்தில் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள்.

கருவிக்குக் காத்திருந்த அந்த நான்கு மாதத்தில்தான் பெரிய மாற்றம் நடந்தது. ஷாமளா முதலில் ஒரு வழி செய்து கொடுத்தாள். பாட்டு முழுவதையும் வலது பக்கம் தள்ளி வைத்தாள். அவருக்கு நன்றாக இருந்தது. ஆனால் பாட்டு வந்தது, கலைமகள் வரவில்லை. இடது பக்கம் உட்காரும் மனைவியை வலது பக்கம் தள்ளி வைக்க எந்த ரேடியோவிலும் பொத்தான் கிடையாது.

அதற்கு வழி சொன்னவர் கலைமகள்.

"நான் ஓட்டறேன். நீங்க இந்தப் பக்கம் உக்காருங்க."

கலைமகளிடம் ஓட்டுநர் உரிமம் இருப்பது எனக்கே அப்போதுதான் தெரியும். 1999இல் எடுத்தது. இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறார். ஒருநாள் முன் சக்கரத்தை லோங்காங்கில் இறக்கிவிட்டார். சாக்கடையிலிருந்து காரைத் தூக்க எட்டுப் பேர் வந்தார்கள். அதற்குப் பிறகு மாணிக்கவாசகம் சாவியைக் கொடுக்கவில்லை, இவரும் கேட்கவில்லை. ஆனால் உரிமத்தை மட்டும் தவறாமல் புதுப்பித்து வந்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். சும்மா இருக்கட்டுமே என்றுதான் என்றார்.

ஒரு வாரம் காலையில் எங்கள் வரிசையில் ஈஸ்வரா முன்னும் பின்னும் நகர்ந்தது. கிளட்ச் கதறியது. மாணிக்கவாசகம் இடது இருக்கையில், இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. எட்டாவது நாள் இருவரும் பாசாருக்குப் போய் வந்தார்கள். பத்தாவது நாள் கூலிம். ஷாமளா பாட்டை மறுபடியும் நடுவுக்குக் கொண்டுவந்து வைத்தாள். பெரும்பாலும் அது மெதுவாகத்தான் ஓடுகிறது. அதற்குமேல் கூட்டினால் ஓட்டுகிறவருக்குப் பிடிக்காது.

கடையும் வந்தது. குணவதியின் பழைய இடம் இல்லை, அது இப்போது கைத்தொலைபேசிக் கடை. அதே வரிசையில் இரண்டு கதவு தள்ளி ஒரு பாதிக் கடை கிடைத்தது. மறுபாதியில் பூக்கடை. தையல் இயந்திரத்தை மாணிக்கவாசகமே காரில் ஏற்றிக் கொண்டுபோனார், பின்சீட்டில் பெல்ட் போட்டு. தீபாவளிக்கு முன்பு அங்கே போய்ப் பார்த்தேன். வெட்டிய துணிகளுக்கு நடுவில் கலைமகள் தலை நிமிர நேரமில்லாமல் இருந்தார். எனக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் தேதி கொடுத்தார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோலா கெடாவுக்கு மீன் வாங்கப் போகிறோம், உங்களுக்கும் வேண்டுமா என்று கேட்டார்கள். நண்டும் கொடுவாவும் சொல்லி வைத்தேன். அவ்வளவு தூரம் கலைமகள் ஓட்டுவது அதுதான் முதல் தடவை. நெடுஞ்சாலையில் இடது ஓரமாக, லாரிகளுக்குப் பின்னால், எண்பதுக்கு மேல் போகாமல் ஓட்டியிருக்கிறார். வழி பார்த்துச் சொல்ல வேண்டியது மாணிக்கவாசகத்தின் பொறுப்பு.

பதினோரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. மாணிக்கவாசகம்தான்.

"டீச்சர், மீன் வரக் கொஞ்சம் லேட்டாகும்."

என்ன ஆயிற்று என்று பயந்துபோய்க் கேட்டேன். ஒன்றும் ஆகவில்லை. அலோர் ஸ்டார் வழியாகக் கோலா கெடா போக வேண்டியவர்கள் முன்னாலேயே நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, பெண்டாங் பக்கம் வயல்களுக்கு நடுவே நிற்கிறார்கள். கலைமகள் தன் தங்கை கல்யாணத்தில் நடந்த சண்டையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தாராம். இருபது வருடத்துக்கு முந்தைய கதை. அந்தக் கல்யாணத்துக்கு அவரும்தான் போயிருந்தார், ஆனால் உள்ளே நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. கேட்கக் கேட்கச் சுவாரசியத்தில் அவர் பலகையைப் பார்க்க மறந்துவிட்டார். ஓட்டியவரும் பேச்சு வேகத்தில் வளைந்து இறங்கிவிட்டார்.

"இப்ப ஒரு கடையில செண்டோல் குடிச்சிக்கிட்டிருக்கோம். இன்னும் கத முடியல," என்றார்.

பின்னால் கலைமகள் ஏதோ சொல்வது கேட்டது. அவர் என்னிடம் இருங்கள் என்று சொல்லிவிட்டு, தொலைபேசியை வலது காதிலிருந்து எடுத்துவிட்டு, என்ன சொன்னாய், மறுபடி சொல் என்று அவரிடம் கேட்டார்.

மீன் மாலை நான்கு மணிக்கு வந்தது. கொடுவா கிடைக்கவில்லையாம், அதற்குப் பதில் கெளுத்தி வாங்கி வந்திருந்தார்கள். நண்டு நன்றாக இருந்தது.